பணியும் பிணியும்

 

25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு விளக்கேற்றி வந்த சங்கம் இது. இதன் துணையால் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும், செவிலியர்களாகவும், எழுத்தர்களாகவும், பேருந்து நடத்துநர்களாகவும் இம்மன்றத்தில் வீற்றிருக்கிறார்கள். படித்து முன்னேறும் வழியைப் பற்றி இம்மேடையில் பலரும் பேசியுள்ளனர். படித்து, பணியில் அமர்ந்து, நடுவயதை எட்டிய பின்னர் உடலைக் காக்கும் வழியைப் பற்றி நாம் பேச விழைகிறோம்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் விருந்தினராக வந்து வீட்டுக்காரராகத் தங்கிவிடும் நோய்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. இவ்வுரையை நிகழ்த்தும் நாமும் அக்கணக்கில் அடங்கியவரே. ஆகவே ஏட்டில் படித்ததோடு உடம்பில் பட்டதையும் சேர்த்தே கூறுகின்றோம்.

நோய் எல்லோருக்கும் வருவது. ஆயின் நம்மவர்க்கு நோயோடு இன்னொரு சுமையும் வந்து சேர்கிறது. மற்றவர் விடுப்பு எடுத்தால், "பாவம், உடம்புக்கு முடியவில்லை" என்பார்கள். நம்மவர் விடுப்பு எடுத்தால், "ஒதுக்கீட்டில் வந்தவர்தாமே, இவர்களுக்கு வேலை ஓடாது" என்று முணுமுணுக்கும் வாய்கள் இன்றும் உள்ளன. அந்தச் சொல்லுக்கு அஞ்சியே நம்மவர் பலர் மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்து வைக்கின்றனர். மருத்துவமனைக்குப் போவதை "உறவினர் வீட்டுத் திருமணம்" என்று எழுதிக் கொடுக்கின்றனர். இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்து, திறமைக்குச் சான்று காட்ட முயல்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளம் வாங்குபவர் என்றால், தம்பியின் படிப்பும் தங்கையின் திருமணமும் அவர் தோளிலேயே நிற்கின்றன. தாம் படுத்தால் வீடே படுத்துவிடும் என்று எண்ணி நோயையே மறந்தவர்போல் நடிக்கின்றனர். நடிப்பை மேலதிகாரி நம்பலாம், உடல் நம்புவதில்லை.

பணி நெருக்கடி வெறும் மன வருத்தத்தோடு நின்றுவிடுவதன்று. அச்சமும் பரபரப்பும் மிகும்போது அட்ரீனலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர்கள் உடலில் பெருகுகின்றன. அவற்றின் ஏவலால் கல்லீரல் தன் சேமிப்பிலுள்ள சர்க்கரையை இரத்தத்தில் சேர்க்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. காட்டில் புலியைக் கண்டவன் ஓடித் தப்புவதற்கு இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. ஆனால் தேர்ச்சி விழுக்காடு குறித்த ஆய்வுக் கூட்டத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் எங்கே ஓடுவது? ஏறிய சர்க்கரை இரத்தத்திலேயே நிற்கிறது. நெருக்கடியான நாட்களில் நேரத்துக்கு உணவில்லை, நடையில்லை, உறக்கமில்லை. நோயும் நெருக்கடியும் ஒன்றையொன்று வளர்க்கும் விதம் இதுவே.

மறைப்பதனால் விளையும் கேட்டுக்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பொதுத்தேர்வு மையத்தில் நாம் கண்டது. அறைக் கண்காணிப்பாளராக வந்திருந்த நம் இன ஆசிரியர் ஒருவர், நீரிழிவுக்கான மருந்தை விடியற்காலையில் எடுத்துக்கொண்டு, சிற்றுண்டி அருந்த நேரமின்றிப் பேருந்து ஏறி வந்துவிட்டார். பத்து மணிக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, சொல் குழறியது. அங்கிருந்த அலுவலர் ஒருவர் சற்றும் தயங்காமல், "குடித்துவிட்டு வந்திருக்கிறார் போலும்" என்றார். சர்க்கரை குறைந்து தவிக்கும் ஒரு மனிதரைக் கண்டதும் அவர் நாவில் முதலில் வந்த சொல் அது! குடிநீர் கொடுக்க வந்த அம்மையார், "ஐயா, என் வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும்" என்று கூறி, தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரையை நீரில் கரைத்துப் புகட்டினார். கால் மணி நேரத்தில் ஆசிரியர் தெளிந்தார். அலுவலரின் சொல்லுக்கு அவரே பொறுப்பு. ஆயினும், அவ்வாசிரியருக்கு நீரிழிவு உண்டு என்பதை அம்மையத்தில் ஒருவரேனும் அறிந்திருந்தால், உதவிக்கும் உண்மைக்கும் ஒரு வாய் இருந்திருக்குமன்றோ?

இவ்விடத்தில் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வை எண்ணிப் பார்ப்போம். 1947 ஆகஸ்டு 29 அன்று அரசியலமைப்பு வரைவுக் குழு அமைக்கப்பட்டு, அதன் தலைமை அவரிடம் வந்தபோது அவருக்கு வயது 56. நீரிழிவும், கால்களில் நரம்பு வலியும், உறக்கமின்மையும் அவரை வாட்டின. குழுவில் எழுவர் இருந்தும் சுமை ஒருவர் மேலேயே விழுந்தது என்பதை, 1948 நவம்பர் 5 அன்று டி. டி. கிருஷ்ணமாச்சாரி அரசியலமைப்புப் பேரவையிலேயே எடுத்துரைத்தார். ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஓரிருவர் தில்லிக்கு வெகு தொலைவில் இருந்தார்கள் என்று அவர் விளக்கினார். 1949 நவம்பர் 26 அன்று அரசியலமைப்பு ஏற்கப்பட்டது.

இவ்வரலாற்றைக் கூறும் நம் பேச்சாளர்கள், "உடலை வருத்தி உழைத்தார், நாமும் அவ்வாறே உழைப்போம்" என்று முடித்துவிடுகின்றனர். அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியையும் நாம் அறிய வேண்டும்.

அண்ணல் தம் நோயை மறைக்கவில்லை. பம்பாயில் சிகிச்சை பெற்றார். அவ்வகையில் அறிமுகமான மருத்துவர் சாரதா கபீரை 1948 ஏப்ரல் 15 அன்று மணந்தார். பின்னாளில் சவிதா அம்பேத்கர் என்று அழைக்கப்பெற்ற அவ்வம்மையார் அவருடைய உடல்நலத்தைப் பேணினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா தள்ளிப் போய்க்கொண்டிருந்தபோது, 1951 ஆகஸ்டு 10 அன்று பிரதமர் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், தம் உடல்நிலை கவலை தருவதாகவும், ஒரு மாத காலம் தொடர்ந்து சிகிச்சை பெறுமாறு மருத்துவர்கள் வற்புறுத்துவதாகவும், அதற்கு முன் மசோதாவை முடித்துவிட விரும்புவதாகவும் ஒளிவின்றித் தெரிவித்தார். மேலிடத்துக்கு நோயைச் சொல்வது இழிவு என்று அவர் கருதவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பதவியை விட்டு விலகியபோதோ, நோயினால் விலகியதாக எவரும் கூறலாகாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். நோயை நோய் என்றார். கொள்கையைக் கொள்கை என்றார். ஒன்றை மற்றொன்றுக்குத் திரையாக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1949 நவம்பர் 25 அன்று பேரவையில் நிறைவுரை ஆற்றியபோது, பெருமை முழுவதையும் அவர் தாமே ஏற்கவில்லை. முதல் வரைவைத் தந்த பி. என். ராவ், தலைமை வரைவாளர் எஸ். என். முகர்ஜி, நள்ளிரவு கடந்தும் உழைத்த அவருடைய ஊழியர்கள் ஆகியோரை நன்றியோடு போற்றினார். அத்தகைய பேரறிஞரே துணைவரோடு வேலையைப் பகிர்ந்து செய்தார் என்றால், பள்ளியின் பதிவேடுகள் அத்தனையையும் தாமே எழுதி முடிக்கவேண்டும் என்று நம்மில் ஒருவர் எண்ணுவது ஏன்?

பணியில் உள்ள தோழர்களுக்குச் சில கூறுவோம். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், உணவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் பின் 200 மில்லிகிராம் ஆகிய அளவுகளை எட்டினால் நீரிழிவு என்று ஐயுற்று மருத்துவரிடம் செல்க. இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை மீண்டும் மீண்டும் தொட்டால் வாளாவிருத்தல் கூடாது. "தேர்வு முடியட்டும், தணிக்கை முடியட்டும்" என்று மருந்தை நிறுத்தாதீர். மருந்தை எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்க்காதீர். உடன் பணிபுரிபவருள் நம்பத்தக்க ஒருவரிடமேனும் நோயைச் சொல்லி வையுங்கள். மேசை இழுப்பறையில் சிறிது சர்க்கரை இருக்கட்டும். இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்கவேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108 ஊர்தியை அழைக்கவேண்டும். மருத்துவ விடுப்பு எவரும் இடும் பிச்சையன்று, விதிப்படி உரியது. காரணத்தை உள்ளபடி எழுதிச் சான்றுடன் கேளுங்கள்.

விடுப்பு என்னும் சொல்லே இல்லாத வேலையில் உள்ளவர்களையும் நாம் மறத்தல் ஆகாது. ஒப்பந்தக் கூலிக்குத் தெருக் கூட்டும் நம் தாய்மாருக்கு மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலி இழக்கும் நாளாகிறது. காலணி சரியின்றி உழைப்பவரின் பாதத்தில் நீரிழிவால் உணர்ச்சி குன்றினால், சிறு கண்ணாடித் துண்டும் காலையே வாங்கிவிடும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இவ்விரு நோய்களுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு செல்வதற்கென அமைந்தது. அதில் பெயரைப் பதிவு செய்யவும், விவரம் அறியவும் படித்த நம் பிள்ளைகள் துணை நிற்கவேண்டும். சம்பளத்துடன் விடுப்பும் ஒப்பந்தத் தொழிலாளரின் உரிமையாக வேண்டும் என்று கேட்பதும் நம் கடமையே.

இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நவம்பர் 14-ஐப் பள்ளிகளில் குழந்தைகள் நாளாகக் கொண்டாடுகிறோம். அதுவே உலக நீரிழிவு நாளும் ஆகும். இன்சுலினை 1921-இல் கண்டறிந்தவருள் ஒருவரான பிரடெரிக் பாண்டிங் பிறந்த நாள் அது. அவர் பிறந்தது 1891. அண்ணல் பிறந்த அதே ஆண்டு. ஆண்டுதோறும் அந்நாளில், இச்சங்கத்தால் படித்து உயர்ந்த செவிலியரும் மருத்துவரும் இங்கு வந்து, நம் தெருவில் உள்ள ஒவ்வொருவருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதித்து ஓர் ஏட்டில் பதிந்து வைத்தால் எவ்வளவு நன்று! பிள்ளைகளின் மதிப்பெண்களைக் குறித்து வைத்த சங்கம், பெற்றோரின் அளவுகளையும் குறித்து வைக்கட்டுமே.

கல்வியால் நாம் பெற்ற பணிகள் எளிதாக வந்தவை அல்ல. அவற்றைப் பெற்றவர்கள் ஓய்வு பெறும் நாள்வரை நலமாகப் பணியாற்றி, அதன் பின்னும் பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்பைக் காணும் வரை வாழவேண்டும். நம் திறமைக்குச் சான்று நாம் செய்த வேலையே. நம் உடல் தேய்வு அதற்குச் சான்றாக வேண்டியதில்லை. பிணியை மறைக்காது பணி செய்வோம். சங்கம் மேலும் வளர்க! அதன் மக்கள் நலமுடன் வாழ்க!