நால்வருக்கு ஒரு பெயர்



சிறிய அலுவலகம் ஒன்றில் நான்கைந்து கணிப்பொறிகளை வலையாகப் பிணைத்து வைத்திருந்தால், அவற்றில் எது ஒருவருடைய தனிப்பொருள், எது எல்லார்க்கும் பொதுப்பொருள் என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நான் பொறியியல் வல்லுநன் அல்லேன். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு காலம் கழித்தவன். ஆயினும் இப்பொருளில் ஒரு பாடம் கற்க நேர்ந்தது. கற்பித்தவர் என்னினும் முப்பது ஆண்டு இளையவர்.

2012-ஆம் ஆண்டில், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் அலுவலகத்தில் நான்கு கணிப்பொறிகள் இருந்தன. நான்கிலும் நுழைவதற்கு ஒரே பெயர்: 'ஆபீஸ்'. கடவுச்சொல்லும் ஒன்றே. மறவாதிருக்கும்பொருட்டு அதனைத் துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்திருந்தோம்! அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒரு பாடத்தின் எண்கள் முழுவதும் மாறியிருப்பதை வகுப்பாசிரியர் கண்டார். கோப்பின் குறிப்பைத் திறந்து பார்த்தோம். கடைசியாகத் திருத்தியவர் பெயர் 'ஆபீஸ்' என்றிருந்தது.

ஐயம் முழுவதும் தற்காலிகப் பணியிலிருந்த இளைய எழுத்தர்மேல் விழுந்தது. கணிப்பொறியை நன்கு அறிந்தவர் அவர் ஒருவரே என்பதன்றி அதற்கு வேறு காரணம் இல்லை. நானும் அவரை அழைத்து வினவினேன். அவர் சினம் கொள்ளவில்லை. "ஐயா, அந்தப் பெயரில் தாங்களும்தானே நுழைகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. விடைத்தாள்களை மீண்டும் எடுத்துப் பட்டியலைச் சரிசெய்தோம். மாற்றியவர் யார் என்பது இன்றளவும் தெரியாது.

இத்தகைய இடர் மிகப் பெரியவர்களுக்கும் நேர்ந்ததுண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், பேராசிரியர் பெர்னாண்டோ கார்பட்டோவும் துணைவர்களும், பலர் ஒரே கணிப்பொறியைப் பகிர்ந்து பயன்படுத்தும் அமைப்பொன்றை 1961-இல் செய்து காட்டினர். ஒவ்வொருவர்க்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. நிர்வாகிகளுக்கு உரிய பெயரிலும் ஒரு நேரத்தில் ஒருவரே நுழையலாம் என்று முதலில் விதி இருந்தது. அது தொல்லையாக இருக்கவே, பின்னர் விதியைத் தளர்த்தினர். ஒருநாள் இருவர் அப்பெயரில் ஒருங்கே நுழைந்தனர். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார்; மற்றவர் கடவுச்சொற்களின் பட்டியலைத் திருத்தினார். திருத்தும் நிரலோ தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இடுவது. இரண்டும் இடம் மாறின. அதன்பின் நுழைந்தவர்க்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் காட்சியளித்தன. 1990-ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் கார்பட்டோ இதனைத் தாமே கூறினார். தம் பிழையை அவையில் எடுத்துரைத்த அப்பண்பு எனக்கு மிகவும் பிடித்தது.

இனிச் செய்தற்குரியதைப் பார்ப்போம். ஒருவர் தம் பெயரில் முதன்முறை நுழைந்ததும், விண்டோஸ் அவருக்கென ஒரு கோப்புறையை ஏற்படுத்துகிறது. திரையின் தோற்றம், எழுத்தின் அளவு, அவர் எழுதியவை யாவும் அதனுள் அடங்கும். இதுவே 'பயனர் சுயவிவரம்'. ஆசிரியர் அறையில் அவரவர்க்கு ஒரு மேசை இழுப்பறை உண்டல்லவா, அதுபோன்றது. மதிப்பெண் பட்டியல், வருகைப் பதிவு, அச்சுப்பொறி ஆகியவை பொது அலமாரியைச் சேர்ந்தவை. அலமாரியை யார் திறக்கலாம், யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதை ஆளுக்கு ஆள் வகுப்பதைவிடக் குழுவாக வகுத்தல் எளிது. பணி மாறினால் குழுவை மாற்றினால் போதும்.

எங்கள் அலுவலகத்தில் தலைமைக் கணிப்பொறி, அதாவது சர்வர், இல்லை. ஆகையால் ஒவ்வொரு பொறியும் தன் பதிவேட்டைத் தானே வைத்திருந்தது. நான்கு பேர், நான்கு பொறிகள், பதினாறு பதிவுகள். ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினால் நான்கிடத்தும் மாற்ற வேண்டும். சர்வர் ஒன்று இருப்பின் பதிவேடு ஒன்றே போதும். பொது விதிகளையும் அங்கேயே எழுதிவிடலாம். விண்டோஸ் 2000-இல் வந்த 'குழுக் கொள்கை' என்னும் முறையில், ஒவ்வொரு பொறியும் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை விதிகளைக் கேட்டறிகிறது. அதனோடு 30 நிமிடம் வரையில் முன்பின் அறியாத ஓர் இடைவெளியும் கூட்டப்படும். எல்லாப் பொறிகளும் ஒரே நொடியில் சர்வரின் கதவைத் தட்டலாகாது என்பதே காரணம். உணவு இடைவேளையில் குழாயடியில் மாணவர் நெருக்குவதைக் கண்டவர்க்கு இதன் அருமை விளங்கும்.

சுயவிவரத்தையே சர்வரில் வைத்து, எந்தப் பொறியில் அமர்ந்தாலும் அது தொடர்ந்து வருமாறு செய்வதும் உண்டு. வசதிதான், ஆயினும் நான் கண்ட ஓர் அலுவலகத்தில் ஒருவர் தம் இல்லத் திருமணப் படக்காட்சி முழுவதையும் திரைமுகப்பில் வைத்திருந்தார். முன்பு நுழையாத பொறியில் அவர் நுழையும்போதெல்லாம் அத்தனையும் வலைவழியே வந்து சேரவேண்டும். அவர் தேநீர் அருந்தி முடிப்பார், பொறி விழித்திராது. மேலும் ஒருவர் ஒரே வேளையில் இரு பொறிகளில் நுழைந்திருந்தால், கடைசியாக எதிலிருந்து வெளியேறினாரோ அதன் அமைப்புகளே நிலைக்கும்.

அவ்விளைஞர் ஒரு மாலைப்பொழுதில் பதினாறு பதிவுகளையும் செய்து முடித்தார். மதிப்பெண் கோப்புறையில் இருவர்க்கே எழுதும் உரிமை வைத்தார். தனிப் பெயர் மட்டும் போதாது, யார் எக்கோப்பைத் தொட்டார் என்று குறித்துவைக்கும் தணிக்கைப் பதிவையும் தொடங்க வேண்டும் என்று கூறி, அதனையும் செய்தார். மூத்த எழுத்தர் சில நாள் முணுமுணுத்தார். நான் இளைஞரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

பணி விட்டுச் செல்பவர் பெயரை அழித்துவிடக் கூடாது, முடக்கி வைக்கவேண்டும் என்பதும் அவர் கூறியதே. பொறி ஆளைப் பெயரால் அன்றி ஓர் உள் எண்ணால் அறிகிறது. அழித்தபின் அதே பெயரை மீண்டும் இட்டாலும் எண் வேறாகிவிடும். பழைய உரிமைகள் திரும்பி வாரா. நான் ஓய்வு பெற்ற மறுநாள், மறந்துபோன கடிதம் ஒன்றை எடுக்க அலுவலகத்திற்குச் சென்றேன். என் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டேன். கணிப்பொறி என்னை உள்ளே விடவில்லை. முந்திய மாலையே முடக்கியிருந்தார். கடிதத்தைத் தாமே அச்சிட்டு என் கையில் கொடுத்தார்.