மருத்துவமாதின் மனத்துக்கு மருந்து எங்கே?
(ஹாலிஎலையில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொவிட் கொள்ளைநோய் இந்நாட்டில் 16,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2021 ஆகஸ்டிலே ஒரே நாளில் இருநூறுக்கு மேல் மாண்டனர். மாண்டவர்க்குக் கணக்கு உண்டு. அந்நோயின் நடுவே லயம் லயமாக நடந்த மருத்துவமாதரின் உள்ளம் என்னவாயிற்று என்று எவரேனும் கணக்கெடுத்ததுண்டா?

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. அதற்குள் ஆறேழு உயிர்கள். "நோயாளியைத் தனியறையில் வையுங்கள்" என்றது மேலிடம். தனியறைக்கு எங்கே போவது? அந்த உத்தரவைச் சுமந்து மலையேறி வந்தவர் அச்சகோதரியே. கர்ப்பிணியையும் பார்க்க வேண்டும்; கைக்குழந்தையையும் பார்க்க வேண்டும்; இடையே, நோய்கண்ட வீட்டையும் எழுதிக்கொடுக்க வேண்டும். எழுதிய மறுநாள் அவ்வீட்டாரை வண்டி ஏற்றிச் சென்றது. பழி துரைக்கு வந்ததா? கொழும்புக்கு வந்ததா? "காட்டிக்கொடுத்தவள்" என்றது லயம், கதவைச் சாத்தியது. நம் லயத்திலேயே பிறந்து வளர்ந்தவர், மாலையில் பீலியில் குளித்துவிட்டு, பெற்ற பிள்ளையைத் தொடவும் அஞ்சி, இஸ்தோப்பிலே படுத்தார். உறக்கமா வரும்?

நாங்கள் மட்டும் தூயவர்களா? தோட்டம் அடைபட்ட ஆத்திரத்தில் அவர்மீது குறைசொன்ன வாய்களில் எங்கள் வாயும் ஒன்று. இம்மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? தனிமைப்படுத்தும் அதிகாரத்தைத் தந்த கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டினது. பம்பாயில் பிளேக் பரவிய காலத்தது. அது நோயாளியை நினைக்கிறது, கப்பலைக்கூட நினைக்கிறது. உத்தரவைச் சுமப்பவரை நினைக்கவில்லை. 1873இன் மனநோய்ச் சட்டமோ, ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முறையைச் சொல்லும். உறக்கம் இழந்தவர்க்கு வழிசொல்லாது. 2020 ஜூலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், தம் பணிக்குச் சட்டப்பலம் கேட்டுக் கொவிட் கடமையிலிருந்தே விலகி நின்றனர். சங்கமாக நின்றதால் நாடு கேட்டது. தோட்டத்து மேட்டில் தனியே நிற்கும் மருத்துவமாதின் குரல் யார் காதில் விழும்?

மனம் சோர்ந்தால் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசலாம் என்கிறார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழுபேர் கூடியிருக்கும் காம்பராவில் எந்தப் பெண் தன் மனத்தைத் திறப்பாள்?

கொவிட் போயிற்றே என்பீர்கள். டெங்கு போயிற்றா? 2017இல் மட்டும் 186,000 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். மறுபடியும் அவரையேதான் மலையேற்றுவார்கள்.

ஆகவே கேட்கிறோம். நோய்கண்ட வீட்டை ஒரு பெண்ணின் கையால் மட்டும் எழுதவைக்கக் கூடாது. பரிசோதகரும் உடன்வந்து பொறுப்பேற்க வேண்டும். நோய்க்காலத்தில் கிழமைக்கு ஒருநாள் முழு ஓய்வும், அந்நாளுக்குப் பதிலாளும் வேண்டும். மேலதிகாரியின் காதுபடாமல் மனநல வைத்தியரோடு பேச ஹாலிஎலையிலேயே ஓர் அறை வேண்டும். அறை ஒன்றுக்காகவா கூட்டம் போட்டீர்கள் என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்.

இம்மனு ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குச் செல்கிறது. அன்று கதவைச் சாத்திய வீட்டார் முதலில் வந்து கையொப்பமிடுங்கள். எங்கள் பெயரை அதற்குக் கீழே எழுதுகிறோம்.