எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தலைமையாசிரியரும்

(அவிநாசியில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பது என்பதாகும். காலங்காலமாய் அ, ஆ சொல்லிக்கொடுத்துத்தானே வருகிறார்கள், இதில் பகுத்தறிவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். அந்தக் "காலங்காலமாய்" என்கின்ற வார்த்தையைத்தான் நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கு ஒரு புராணம் உண்டு. குளத்தில் குளிக்கப் போன ஒரு பையனை முதலை விழுங்கிவிட்டதாம். சில வருஷம் கழித்துச் சுந்தரர் வந்து பதிகம் பாடினாராம். முதலையும் அந்தப் பையனை, இடையில் எத்தனை வயது ஏறியிருக்க வேண்டுமோ அத்தனை வளர்ச்சியோடு கொண்டுவந்து கக்கிற்றாம். நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்; அது இன்றையப் பேச்சல்ல. ஆனால் நம் பள்ளிக்கூடங்களிலும் இதே அற்புதத்தை எதிர்பார்க்கிறோம் என்பதுதான் சங்கதி. முதல் வகுப்பில் எழுத்துப் பிடிபடாத பிள்ளையை இரண்டாம் வகுப்பு விழுங்குகிறது. பிறகு மூன்று, நான்கு விழுங்குகின்றன. ஐந்து முடிந்ததும் படித்த பிள்ளையாய்த் தானே வெளியில் வருமென்று காத்திருக்கிறோம். வருவதில்லை. சில வருஷம் போனால் பனியன் கம்பெனி வாசலில்தான் அதைப் பார்க்கிறோம்.

2022ம் வருஷத்தில் "அசர்" என்னும் கணக்கெடுப்புக்காரர்கள் கிராமங்களில் வீடுவீடாய்ப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. இந்தியா பூராவுக்கும் சேர்த்தே நூற்றுக்கு 20 சொச்சம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தன என்பது ஒரு காரணந்தான். ஆனால் அதற்கு முன் 2018ல் எடுத்த கணக்கிலும் நம்முடையது 10 சொச்சந்தானே! 2024ல் மறுபடி 10ஐத் தாண்டியிருக்கிறது. இதற்காகச் சந்தோஷப்படுகிறவர்கள் மீதி எண்பது தொண்ணூறு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் யோசிக்க வேண்டும். வீட்டில் சொல்லிக்கொடுக்கப் படித்த தாயும், சம்பளத்துக்கு வாத்தியாரும் உள்ள வீட்டுப் பிள்ளைகளா என்றால் பெரும்பாலும் அல்ல.

பழைய முறை என்னவென்றால், பாடத்தை எல்லோருமாய்ச் சேர்ந்து கத்துவது. கத்திக் கத்தி மனப்பாடமாகிவிடும். அப்புறம் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்தாலும் பாடம் தடங்கலில்லாமல் வரும். பக்கத்தின் நடுவில் விரலை வைத்து "இது என்ன வார்த்தை?" என்று கேளுங்கள், பிள்ளை விழிக்கும். மந்திரம் ஓதுவதற்கும் இதற்கும் பேதம் என்ன?

நம் எழுத்தும் லேசானதல்ல. எண்ணிக்கை 247. பகல், பக்கம், பங்கு என்ற மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ மூன்று. "கெ" என்பதில் பின்னால் ஒலிக்கிற குறி முன்னால் நிற்கிறது. கு, சு, மு என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வேஷம் மாற்றுகிறது. "போறனுங்க" என்று பேசுகிற பிள்ளை "போகிறேன்" என்று வாசிக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கோ அந்தப் பேச்சுமில்லை. நம்முடையதைப் போன்ற எழுத்துமுறையுள்ள கன்னடத்தில் சோனாலி நாக் என்பவர் ஆராய்ந்து 2007ல் வெளியிட்டதில், எழுத்துகள் முழுவதும் வசப்பட நான்காம் வகுப்புவரைகூட ஆகிறதென்று கண்டிருக்கிறார். அப்படியிருக்க, முதல் வகுப்போடு "எழுத்து முடிந்தது" என்று பாடத்தை ஓட்டுவது எந்த நியாயம்? ஈ.வெ.ரா. 13 எழுத்துகளின் வடிவத்தைச் சுலபமாக்கிக் "குடி அரசு"வில் அச்சிட்டது 1935ல். சர்க்கார் ஒப்புக்கொண்டது 1978ல். நன்மை என்று தெரிந்த ஒன்று பள்ளிக்கூடத்துக்குள் நுழைய 43 வருஷம்! இன்னொரு தடவை அப்படிக் காத்திருக்க நம் பிள்ளைகளால் ஆகாது.

சரி, சோதித்துப் பார்த்துப் பலன் கண்ட முறை எது? பிள்ளையை வகுப்பால் பிரிக்காமல், வாசிக்கும் நிலையால் பிரித்து, தினம் ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கி, எழுத்திலிருந்து வார்த்தைக்கும் வார்த்தையிலிருந்து வாக்கியத்துக்கும் கொண்டுபோவது. இதைப் பிரதம் என்னும் ஸ்தாபனம் பல மாகாணங்களில் நடத்தியது. அபிஜித் பானர்ஜி முதலியவர்கள் அளந்து பார்த்தார்கள். பீகாரில் உபாத்தியாயர்களுக்குப் புத்தகமும் கொடுத்து, பயிற்சியும் கொடுத்தார்கள். பள்ளி நாட்களில் பலன் பூஜ்யம். அதே சர்க்கார் உபாத்தியாயர்கள் கோடை முகாமில் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள்! ஆகவே குற்றம் உபாத்தியாயரின் சாமர்த்தியத்தில் இல்லை. பாடத்தை முடி, முடி என்கின்ற நிர்ப்பந்தத்தில் இருந்தது. பிறகு 2012-13ல் ஹரியானாவில் ஒரு மாறுதல் செய்தார்கள். மேற்பார்வைக்காரர்கள் முதலில் தாங்களே சில நாள் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பழகினார்கள். அதற்கப்புறமே பள்ளிகளுக்குப் போய் உபாத்தியாயர்களுக்கு உதவினார்கள். அங்கே வாசிப்பு உயர்ந்தது.

நம் நாட்டிலும் 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாய்ப் பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு. 2021ல் தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" சாயங்கால வகுப்புகளைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. சுமார் 19,000 கிராமப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால் பங்கு அந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது. ஆகவே முறையும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது, நடத்த ஆளும் இருக்கிறார்கள். ஹரியானாவில் மேற்பார்வைக்காரர் செய்ததைப் பள்ளிக்குள் தினமும் செய்கிறவர் வேண்டும். அவர்தான் தலைமையாசிரியர்.

தலைமையாசிரியர்களான தோழர்களே! கோபிக்க வேண்டாம். "மலர்" என்று பதிந்த பிள்ளை உண்மையில் மலர்தானா என்று நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா? மாதம் ஒருமுறை, பிள்ளைக்கு ஒரு நிமிஷம், முன்பின் பார்க்காத ஒரு பத்தி. அறுபது பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரந்தான். முதல் வகுப்புக்குப் புதிதாய் வந்தவரையும், ஓய்வுக்குக் காத்திருப்பவரையும் அனுப்பாமல் கைதேர்ந்தவரை அனுப்புங்கள். கற்பிக்கத் தடுமாறுகிற உபாத்தியாயரை விரட்டாமல், நீங்களே ஒரு பாடம் நடத்திக் காட்டுங்கள். கற்பித்துக் காட்டாத தலைமையாசிரியரின் உத்தரவுக்கு மரியாதை ஏது?

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு ஆசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் என்றால் மூன்று வகுப்புக்குப் பாடம் நடத்தி, முட்டைக் கணக்கு எழுதி, கணினியில் விவரம் ஏற்றி, இடையில் வந்த அதிகாரிக்குப் பதிலும் சொல்லுகிறவர். பிள்ளை வாசித்ததா என்று கேட்க எவரும் இல்லை. விவரம் ஏறியதா என்று கேட்கப் பத்துப்பேர் இருக்கிறார்கள்.

ஆதலால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளை, எத்தனை பேர் வாசிக்கிறார்கள், வாசிக்காதவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று மரியாதையாய்க் கேளுங்கள். காலையில் முதல் ஒரு மணி நேரம் வாசிப்புக்கு மட்டும் என்றும், அந்த நேரத்தில் கணக்குக்கும் கூட்டத்துக்கும் எந்த ஆசிரியரையும் கூப்பிடக்கூடாதென்றும், விவரம் ஏற்ற வேறு ஆள் போட வேண்டுமென்றும் சர்க்காருக்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். அக்கிராசனர் அதைப் படிப்பார்; சம்மதமுள்ளவர்கள் கை தூக்கலாம்.