அடைக்கோழியைப் பேணும் முறை



ஏழைக் குடியானவர் வீட்டில் பெண்டிரின் கைச்செலவுக்கு உதவுவது கோழியே. ஆயினும் 12 முட்டைகள் அடைவைத்து நாலைந்து குஞ்சுகளே பெறுவது பல வீடுகளில் சகஜம். இதற்குக் காரணம் தலைவிதியன்று, பெரும்பாலும் கவனக்குறைவே.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்திற்குட்பட்டதாயும் விரிசலற்றதாயும் இருத்தல் வேண்டும். நாட்டுக்கோழி 10 அல்லது 12 முட்டைகளையே செவ்வனே மூடும். யாவற்றையும் ஒரே நாளில் வைத்துக் கரியால் குறியிடுக. வேறு கோழி இட்ட முட்டை பின்னர்க் கலந்தால் அது பிந்தியே பொரியும். தாயோ முதற் குஞ்சுகளுடன் எழுந்துவிடும். எஞ்சியது குளிர்ந்து அழியும்.

பேன் பற்றிய கோழி அடையில் நிலைத்திராது. ஆகையால் அது புரள அருகே சாம்பற்குழி அவசியம். தினம் ஒருமுறை கால்மணி நேரம் இறங்கித் தீனியும் நீரும் கொள்ள விடுக.

7-வது நாள் இரவில் முட்டையை விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் சிலந்தி போன்ற செந்நரம்புகள் தோன்றும். தெளிவாயிருப்பவற்றை நீக்கிவிடலாம்.

18-வது நாளுக்குப்பின் முட்டைகளைத் தொடலாகாது. 21-வது நாளில் குஞ்சு தானே ஓட்டை உடைத்து வெளிவரும். இரக்கத்தால் அவசரப்பட்டு ஓட்டை உரிப்போர் இரத்தக்குழாயைக் கிழித்துக் குஞ்சைக் கொன்றுவிடுகின்றனர். பொரித்த முதல் நாளில் தீனியும் வேண்டுவதில்லை. வயிற்றிலுள்ள மஞ்சட்கருவே போதும்.

அடுத்த அடையில் இம்முறைகளைக் கையாண்டு பலனடைவீர்களாக.