படர்தாமரை: பாட்டியின் இலையா, சென்னை டியூப்பா?



இது ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பையனுக்கு இடுப்பில் ஒரு வட்டம். பத்து காசு அளவில் தொடங்கியது, இப்போது உள்ளங்கை அளவு. ஓரம் சிவந்து தடித்திருக்கிறது, நடுவில் தோல் தெளிந்திருக்கிறது. இரவெல்லாம் சொறிகிறான். பள்ளியில் பக்கத்துப் பிள்ளை "கூராப்" என்று சொல்லி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறது.

"வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போடும்மா, மூணே நாள்ல ஓடிடும்" என்கிறார் பாட்டி. "யூனிபார்ம் எல்லாம் கறையாயிடும் அத்தை" என்று அம்மா மறுக்கிறார். அவர் கையில் இருப்பது, சென்னைக்குப் போய் வந்த உறவினர் கொண்டுவந்த ஒரு டியூப். இரண்டே நாளில் அரிப்பு நிற்கும் என்று பெயர் வாங்கியது.

இந்த இரண்டில் பிள்ளைக்கு அதிகம் கெடுதல் செய்யக்கூடியது எது? பலரும் பாட்டியின் அரைப்பைத்தான் கை காட்டுவார்கள். பெரும்பாலும் அந்த டியூப்தான்.

படர்தாமரை ஒரு பூஞ்சைக் காளானால் வருவது. புழு எதுவும் கிடையாது. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதம்தான் அதன் சாப்பாடு. ஓரிடத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவும். அதனால்தான் ஓரத்தில் சிவப்பும் நடுவில் தெளிவும். வியர்வையும் ஈரமும் உள்ள இடம் அதற்குச் சொர்க்கம். கிள்ளான் பள்ளத்தாக்கின் புழுக்கத்தில், அடுக்குமாடியின் உள்ளே காயப்போட்டு அரைகுறையாய் உலர்ந்த சட்டையைக் காலையில் மாட்டி அனுப்பினால் வேறென்ன வேண்டும்?

பாட்டிமார்களின் வைத்தியத்தில் உண்மையே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு வண்டுகொல்லிச் செடி தெரிந்திருக்கும். சீமையகத்தி என்பதும் அதுதான். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள். மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்கும் மஞ்சள் பூங்கொத்து. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த செடி என்பதால்தானோ என்னவோ, நம்மவர்கள் பெயரிலேயே 'சீமை'யைச் சேர்த்துவிட்டார்கள். அதன் இலையில் உள்ள கிரைசோபானிக் அமிலம் பூஞ்சையை எதிர்க்கும். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. அங்கே அதன் பெயர் அகபுல்கோ. ஆனால் அங்கே அதை அளவோடு மருந்தாகத் தயாரிக்கிறார்கள். நாம் அம்மியில் அரைக்கும் இலையில் சத்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சில பிள்ளைகளுக்குத் தோல் எரியவும் செய்யும். வேப்பிலை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றுக்கும் பூஞ்சையை எதிர்க்கும் குணம் ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. அதை மட்டுமே நம்பிப் படர்தாமரை முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது. அரிப்பு கொஞ்சம் தணியும், அவ்வளவுதான்.

சில வைத்தியங்களை மட்டும் பிள்ளைகளிடம் செய்யவே கூடாது. பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளிக்கும். எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் விட்டாலும் கொப்புளம் வரும், கருத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். எண்ணெயில் சூடம் கரைத்துப் பூசுவது சிறு குழந்தைக்கு வலிப்புவரை கொண்டுபோகலாம். மருதாணி விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி குறைபாடு உண்டா என்று சோதிக்கிறார்கள். உண்டு என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு மருதாணி பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பாச்சை உருண்டைக்கும் அதே எச்சரிக்கைதான்.

இனி அந்த டியூப். இப்படிப்பட்ட கலவைக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். பூஞ்சையைக் கொல்லாது. உடம்பின் எதிர்ப்பைத் தூங்கவைத்துவிடுவதால் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். வட்டம் கலைந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். நாள்பட்டால் தோல் மெலிந்து, வரி வரியாய்க் கோடு விழும். இந்தியாவில் இந்தக் களிம்புகளின் தாறுமாறான புழக்கத்துக்கு நடுவே, வழக்கமான மருந்துக்கு அசையாத புதுவகைப் பூஞ்சை ஒன்று பெருகியது. 2020இல் அதற்கு டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா! இன்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. இரவுச் சந்தையில் 'முழுக்க மூலிகை' என்று விற்கும் களிம்பும் சந்தேகத்துக்குரியதே. பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் உண்டா என்று பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது? குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் மட்டும் உள்ள களிம்பு மருந்தகத்தில் கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ மருந்தாளரிடம் "ஸ்டீராய்டு கலக்காதது" என்று வாய்விட்டே கேளுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்திய தோலில், வட்டத்துக்கு வெளியே 2 சென்டிமீட்டர் வரை, காலையும் இரவும் பூசவேண்டும். ஒரு வாரத்தில் அரிப்பு நிற்கும். பெரும்பாலான அம்மாக்கள் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் அதே இடத்தில் வட்டம் திரும்பிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் ஒரு வாரமாவது பூசவேண்டும். மொத்தத்தில் 2 முதல் 4 வாரம் ஆகும்.

தலையில் வந்தால் கதையே வேறு. முடி ஒடிந்து சொட்டை விழும், சில சமயம் சீழ்க்கட்டி போல வீங்கும். களிம்பு முடியின் வேருக்குள் இறங்காது. மருத்துவர் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் சாப்பிட்டால்தான் தீரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை, முகத்தில் வட்டம், இரண்டு வாரமாகியும் குறையாத வட்டம், இவற்றுக்கும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்தான் சரி. குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. விரலிடுக்கில் அரிப்பு, ராத்திரியானால் வீட்டில் எல்லாருக்கும் அரிப்பு என்றால் அது படர்தாமரையே இல்லை. சொறிசிரங்காக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

மருந்து தொடங்கிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம். வட்டத்தை உடை மறைத்திருந்தால் போதும். துண்டும் சீப்பும் தனியாக இருக்கட்டும். துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள்.

கடைசியாக, பையன் மாடிப்படியிலிருந்து தூக்கிவந்து கட்டிலில் படுக்கவைத்துக்கொள்ளும் அந்தப் பூனைக்குட்டி. அதன் காதோரம் முடி கொட்டியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கொட்டியிருந்தால், பையனுக்குக் களிம்பு பூசும் அதே வாரம் குட்டியையும் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.