பசி மட்டும் புரட்சியாகுமா?

(தொழிலாளர் வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ருஷ்யாவில் புரட்சி ஏன் வந்தது என்று போன வகுப்பில் கேட்டேன். ஒரு தோழர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: பசி. அவர் சொன்னதில் பாதி உண்மை. மறு பாதியை இன்று பார்ப்போம்.

1891-92ல் வோல்கா நதிப் பிரதேசத்தில் கொடும் பஞ்சம் வந்தது. பஞ்சத்திலும், கூடவே வந்த கொள்ளை நோயிலும் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். ஜாரின் சிம்மாசனம் அசையக்கூட இல்லை. ஆனால் 1917ல் தலைநகரத்துப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். எட்டாம் நாள் ஜார் முடி துறந்தான். இரண்டு காலத்திலும் பசி இருந்தது. இடையில் மாறியது என்ன?

நிலத்துக்கு விலை

முதலில் கிராமத்தைப் பாருங்கள். 1861 வரை இரண்டு கோடிக்கு மேற்பட்ட குடியானவர்கள் நிலப்பிரபுக்களின் பண்ணையடிமைகள். அந்த வருஷம் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் அவர்களுக்கு விடுதலை அறிவித்தான். ஆனால் நிலம் இனாமாக வரவில்லை. நிலப்பிரபுவுக்கு சர்க்கார் பணம் கொடுத்தது. அதைக் குடியானவன் வட்டியோடு 49 வருஷத் தவணையில் கட்ட வேண்டும். பாட்டன் உழுத நிலம் முழுவதுமாவது கிடைத்ததா? அதுவும் இல்லை. பல ஊர்களில் நல்ல நிலமும், மேய்ச்சல் வெளியும், விறகுக் காடும் நிலப்பிரபுவின் பக்கமே போய்விட்டன. ஒருவன் தவணை கட்டத் தவறினால் ஊரே பொறுப்பு.

அறுவடை முடிந்ததும் தவணைக்கும் வரிக்கும் தானியத்தை விற்றாக வேண்டும். அது கப்பலேறி அயல் நாட்டுக்குப் போகும். 1891ல் பயிர் பொய்த்தது தெரிந்த பிறகும், ஏழைகள் ரொட்டி சுடும் ரை தானியத்தின் ஏற்றுமதியை ஆகஸ்டு மாதம்தான் நிறுத்தினார்கள். வானம் பொய்த்தது பாதிப் பஞ்சம். மீதிப் பஞ்சம் மனிதன் செய்தது.

ஆனால் குடியானவன் அப்படி நினைக்கவில்லை. 1897 ஜனத்தொகைக் கணக்குப்படி ருஷ்யாவில் சுமார் பன்னிரண்டரைக் கோடிப் பேர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான். "ஜார் தகப்பன் மாதிரி. அவருக்கு நம் கஷ்டம் தெரியாது. தெரிந்தால் தீர்த்துவிடுவார்" என்று நம்பினார்கள். அவரவர் குடிசையில் அவரவர் பசியோடு கிடந்தார்கள்.

ஆலை சேர்த்து வைத்தது

நிலம் போதாதவன் ஆலைக்குப் போனான். அங்கே சுகமா? 1885ல் மொரோசோவ் நூற்பாலையில் சுமார் 8,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காரணம் அபராதம். நெசவில் குறை என்றால் அபராதம், தாமதம் என்றால் அபராதம். கூலியில் பெரும் பங்கு இப்படியே முதலாளியின் பைக்குத் திரும்பியது. வேலைநிறுத்தத்தை ராணுவத்தைக் கொண்டு ஒடுக்கினார்கள். ஆனாலும் அடுத்த வருஷமே, அபராதப் பணம் முதலாளிக்குச் சேரக்கூடாது என்று சட்டம் போட நேர்ந்தது.

1896ல் ஜாரின் முடிசூட்டு விழாவுக்காகப் பீட்டர்ஸ்பர்க் பஞ்சாலைகளை மூடினார்கள். "நாங்களா மூடச் சொன்னோம்? அந்த நாட்களுக்கும் கூலி கொடு" என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். சுமார் 30,000 பேர் வெளியே வந்தார்கள். 1897ல் வேலை நேரத்துக்குப் பதினொன்றரை மணி என்று சட்டம் வரம்பு கட்டியது. பதினொன்றரை மணியே ஒரு வெற்றி என்றால், அதற்கு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சங்கம் வைப்பது அப்போது சட்டவிரோதம். ஆனால் பூத்திலோவ் தொழிற்சாலை ஒன்றிலேயே 12,000 பேர் வேலை செய்தார்கள். குடிசையில் தனித்துக் கிடந்த பசி, ஆலைக் கூரையின் கீழ் ஒன்று சேர்ந்தது. இது முதல் மாற்றம்.

நம்பிக்கை செத்த நாள்

பூத்திலோவில் நான்கு தொழிலாளர்களை வேலைநீக்கம் செய்ததிலிருந்து 1905ஆம் வருஷக் கிளர்ச்சி தொடங்கியது. பழைய ருஷ்யப் பஞ்சாங்கப்படி ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பெண்டு பிள்ளைகளோடு, சாமி படங்களையும் ஜாரின் படத்தையும் ஏந்தி, பாதிரியார் கப்போன் தலைமையில் அரண்மனைக்கு மனு கொண்டுபோனார்கள். எட்டு மணி நேர வேலை, ஜப்பானோடு நடந்த யுத்தத்துக்கு முடிவு, ஜனங்கள் தேர்ந்தெடுக்கும் சபை — இவையெல்லாம் மனுவில் இருந்தன. பதிலாகத் துப்பாக்கிக் குண்டு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்து விழுந்தார்கள். தகப்பன் என்ற நம்பிக்கையும் அன்றே செத்தது. இது இரண்டாவது மாற்றம்.

அந்த வருஷம் நாடெங்கும் வேலைநிறுத்தம். கிராமங்களில் நிலப்பிரபுக்களின் மாளிகைகள் எரிந்தன. அதன் பிறகுதான் நிலத் தவணையை 1907 முதல் ரத்து செய்தார்கள். ஆனாலும் ஜார் தப்பினான். ஏன்? படையில் பெரும்பகுதி அவன் பக்கம் நின்றது. டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியைப் பீரங்கி வைத்து நசுக்கினார்கள்.

துப்பாக்கி திரும்பியது

1914ல் உலக யுத்தம். சுமார் ஒன்றரைக் கோடிப் பேரைப் பட்டாளத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் யார்? ஏர் பிடித்த குடியானவர்கள். ஊரில் உழ ஆளில்லை. ரயில்கள் யுத்தத்துக்கு ஓடின. நகரத்தில் விலை ஏறியது, ரொட்டிக்கு வரிசை நீண்டது.

1917 பிப்ரவரி 23, நம் கணக்கில் மார்ச் 8, சர்வதேச மாதர் தினம். பெத்ரோகிராட் பஞ்சாலைப் பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். மற்ற ஆலைகளின் வாசலில் நின்று ஆண்களையும் அழைத்தார்கள். 26ஆம் தேதி சிப்பாய்கள் சுட்டார்கள். சுட்டவர்களில் வொலின்ஸ்கி படைப்பிரிவினரும் உண்டு. மறுநாள் காலை அதே படைப்பிரிவு, இனிச் சுடமாட்டோம் என்று கலகம் செய்து ஜனங்களோடு சேர்ந்தது. பட்டாளத்து உடுப்புக்குள் இருந்த குடியானவன் விழித்துக்கொண்டான். இது மூன்றாவது மாற்றம்.

அடுத்து வந்த தற்காலிக சர்க்கார் யுத்தத்தை நிறுத்தவில்லை. நிலப் பிரச்னையைப் பிறகு பார்ப்போம் என்றது. நவம்பர் 7ஆம் தேதி அதுவும் கவிழ்ந்தது. மறுநாளே சோவியத் காங்கிரஸ் சமாதானத்துக்கும் நிலத்துக்கும் ஆணை பிறப்பித்தது.

அந்தப் புரட்சி அமைத்த ராஜ்யம் 1991ல் கலைந்துவிட்டது. அது ஏன் என்பதையும் மூடி மறைக்காமல் இன்னொரு வகுப்பில் பேசவேண்டும். இன்றைய பாடம் இதுதான்: பசி ஜனங்களை வருத்தும், சாகவும் அடிக்கும், அது தானாகப் புரட்சியாகாது. பசித்தவர்கள் ஒன்று சேர்ந்து, தங்கள் பசிக்கு யார் காரணம் என்று கண்டு, தங்களைச் சுட வந்தவனும் தங்கள் பிள்ளைதான் என்று அவனுக்கே புரிய வைத்தபோதுதான் ருஷ்யாவில் அது புரட்சியாயிற்று.

ஆகவே தோழரே, பசி என்று நீங்கள் சொன்ன பதில் தப்பில்லை. அது முதல் வரி. மீதி மூன்று வரிகளையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.