திறந்த கதவும் நேரில் அழைப்பும்



2006ஆம் ஆண்டில், லினக்ஸ் கணினிகளுக்கான க்னோம் முகப்பை உருவாக்கும் குழு, கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் வழியே மாணவர்களைத் தேடியது. 181 பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஒருவர்கூடப் பெண் இல்லை. ‘பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை போலும்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். க்னோம் குழுவில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. அதே ஆண்டில் பெண்களுக்கென்றே ஒரு திட்டம் அறிவித்தார்கள். நூறு பேர் அளவுக்கு விண்ணப்பம் வந்து குவிந்தது. மென்பொருள் அதேதான், வேலையும் அதேதான். அழைத்த விதம்தான் வேறு. இன்று அவுட்ரீச்சி என்ற பெயரில் நடக்கும் பயிற்சித் திட்டம் முளைத்தது இதிலிருந்துதான்.

மாநாடுகளுக்கும் இது பொருந்தும். திறமூல மென்பொருள் மாநாடு நடத்துவோரிடம் பேசிப் பாருங்கள். “எங்கள் கதவு எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது” என்பார்கள். பொய்யில்லை. நிரலை யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். ஆனாலும் 2017இல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப் திறமூல உலகில் நடத்திய கணக்கெடுப்பில் பதில் சொன்னவர்களில் 95 விழுக்காடு ஆண்கள், 3 விழுக்காடுதான் பெண்கள். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் நம் ஊரில் எத்தனை பேர் வருவார்கள்? படியேறிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, “குடும்பத்தோட வரணும்” என்று சொன்னால்தானே அது அழைப்பு?

பேச்சாளரின் பெயரை மறைத்துவிட்டு உரைகளைத் தேர்ந்தெடுத்தால் நியாயம் தானாகக் கிடைத்துவிடும் என்று பொறியாளர்கள் நம்புவார்கள். எனக்கும் அந்த முறை பிடிக்கும். ஆனால் அது பாதி வேலைதான். 2017இல் எலக்ட்ரான் என்ற மென்பொருளுக்காக கிட்ஹப் ஒரு மாநாடு ஏற்பாடு செய்தது. பெயர் பார்க்காமல்தான் தேர்ந்தெடுத்தார்கள். திரையை விலக்கிப் பார்த்தால், தேர்வான அத்தனை பேரும் ஆண்கள். மாநாட்டைத் தள்ளிவைத்தார்கள். 2012இல் பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி மாநாட்டிலும் பெயரை மறைத்துத்தான் தேர்வு நடந்தது; அங்கே பேச்சாளர்களில் 25 விழுக்காட்டினர் பெண்கள். ஏனென்றால் பெயரை மறைப்பதற்கு முன்பே, பேசத் தகுந்த பெண்களைத் தேடிப்போய் “முன்மொழிவு அனுப்புங்கள்” என்று கேட்டிருந்தார்கள். வந்து சேராத தாளைத் திரை போட்டு என்ன, போடாமல் என்ன, எப்படித் தேர்ந்தெடுப்பது?

இப்படித் தேடிப்போய்க் கேட்பதைப் பல ஆண்டு விடாமல் செய்து காட்டியது பைத்தான் நிரல்மொழிக்கான அமெரிக்க மாநாடான பைகான். அங்கே பெண்கள் வழங்கிய உரைகள் 2011இல் 1 விழுக்காடு, 2012இல் 7, 2013இல் 15, 2014லும் 2015லும் 33, 2016இல் 40. அங்கே பன்முகத்தன்மைக்கான பொறுப்பை வகித்த ஜெசிகா மெக்கெல்லர் பகிரங்கமாகச் சொன்ன கணக்கு இது. இதில் மந்திரம் ஏதுமில்லை. ஆள் ஆளாகக் கேட்டார்கள், அடுத்த ஆண்டும் கேட்டார்கள். ‘நான் பேசும் அளவுக்கு எனக்கு என்ன தெரியும்’ என்று தயங்குபவரிடம் ஒரு முறை கேட்டுவிட்டு நகர்ந்தால் பயனில்லை. இதற்கு நாள் பிடிக்கும். ஆகவே இந்த வேலை தொடங்க வேண்டியது மாநாட்டு நாளுக்கு முன்னால் அல்ல, உரைகள் கோரும் அறிவிப்புக்கு முன்னால்.

அடுத்தது பணம். பைகானில் பேச்சாளரும் கட்டணம் கட்ட வேண்டும், நடத்துபவரும் கட்ட வேண்டும். நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். ஆனால் முடியாதவர்களுக்கென்று நிதியுதவியும் கூடவே இருப்பதால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. நிதியுதவி தரும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். “போய்வந்து ரசீது கொடுங்கள், பணம் தருகிறோம்” என்றால், விமானச் சீட்டு வாங்க அந்த மாணவியின் வீட்டில் வளையல் அடகுக்கடைக்குப் போக வேண்டும். முன்பணம் தராத உதவி, ஏற்கெனவே கையில் காசு உள்ளவருக்குத்தான் உதவும். ஊரும் முக்கியம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுக்கு ஆண்டுதோறும் இடம் மாறி நடக்கும் மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. கோயம்புத்தூர் மாணவருக்கு அது விசா கேட்காத, ரயிலில் போய்விடக்கூடிய உலக மாநாடு.

நடத்தை நெறி பற்றி ஒன்று. 2011இல் வலேரி அரோராவும் மேரி கார்டினரும் தொடங்கிய அடா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு, மாநாடுகளில் துன்புறுத்தலைத் தடுக்கும் நெறிகளைப் பரப்பப் பெரிதும் உழைத்தது. இன்று பெரிய திறமூல மாநாடுகள் பெரும்பாலும் அப்படியொரு நெறியோடுதான் நடக்கின்றன. தாளில் எழுதுவது எளிது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் அழைத்தால் யார் போனை எடுப்பது? புகார், பெரிய ஸ்பான்சர் நிறுவனத்தின் ஆள் மீது என்றால் என்ன செய்வது? இவற்றுக்குப் பதில் முடிவாகாத நெறி வெறும் அலங்காரம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேச்சை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் காட்டினால் காது கேளாதவர்களோடு, வேகமான ஆங்கிலத்தைப் பிடிக்க முடியாத நம்மவர்களுக்கும் உதவும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதி உண்டென்றால் பதிவு தொடங்கும் அன்றே சொல்லிவிட வேண்டும். தாய் போவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அப்போதுதான். எரிக் ஹோல்ஷர் பரப்பிய ‘பேக்மேன் விதி’க்குச் செலவே இல்லை: வட்டமாக நின்று பேசும்போது இன்னொருவர் வந்து சேர ஓர் இடைவெளி விட்டு நில்லுங்கள்.

பட்ஜெட் இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது முன்பண உதவியும் எழுத்துத் திரையும் குழந்தைக் காப்பகமும்தான். இந்த மூன்றையும் அரங்க வாடகைக்கு அடுத்த வரியில் எழுதிவிடுங்கள். டி-ஷர்ட்டைக் கடைசி வரியில் போடுங்கள். காசு மிஞ்சினால் அச்சடித்துக்கொள்ளலாம்.